மாவோரி மூதாதையர் நிலம்: விற்பதற்குத் தடை இருக்கிறது, நிர்வகிப்பது யார்?

தெற்குக்காற்று எழுதியது:

நியூசிலாந்தின் பே ஆஃப் பிளெண்ட்டி வட்டாரத்தில் கிவிப்பழத் தோட்டம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தோட்டம் இருக்கும் நிலம், இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் பல குடும்பங்களுக்குப் பொதுவானது. அறக்கட்டளை ஒன்று அதை எங்கள் முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. குத்தகைக் காலம் முடியும் தறுவாயில் இருப்பதால் அதைப் புதுப்பிப்பது பற்றியும், முடிந்தால் ஒரு பகுதியை விலைக்கே வாங்கிக்கொள்வது பற்றியும் அவர் பேச்சைத் தொடங்கினார். குத்தகை பற்றி அறங்காவலர்கள் நெடுநேரம் பேசினார்கள். விலை என்றவுடன் தேநீர் வந்துவிட்டது.

மாவோரி நிலத்தை யாரும் விற்கவே முடியாது, வங்கி அதன்மேல் கடன் கொடுக்காது, எதற்கெடுத்தாலும் நீதிமன்றத்திடம் போய் நிற்க வேண்டும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இவற்றில் எது சட்டம், எது வாய்வழிச் செய்தி? அந்தச் சட்டம் உரிமையாளர்களைக் காக்கிறதா, அல்லது அவர்களையே கட்டிப்போடுகிறதா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

சட்டத்தாள் எழுதியது:

இப்போது நடைமுறையில் இருப்பது 1993ஆம் ஆண்டின் தே துரே ஃபெனுவா மாவோரி சட்டம். நிலம் மூதாதையரிடமிருந்து வழிவழியாக வந்த பெருஞ்செல்வம் என்பதை அதன் முகவுரையே சொல்லிவிடுகிறது. நிலத்தை உரியவர்களின் கையில் தக்கவைப்பது, அதை அவர்கள் பயன்படுத்தவும் மேம்படுத்தவும் வழிசெய்வது ஆகிய இரண்டு நோக்கங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. இந்த இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் தங்கள் கேள்வியின் வேர் என்று நினைக்கிறேன்.

சட்டம் நிலங்களைத் தகுதிவாரியாகப் பிரிக்கிறது. நீதிமன்றம் ஒருபோதும் உரிமைப்பத்திரம் வழங்காத, பழைய வழக்காற்றின்படியே நிற்கும் நிலம் இன்று மிகச் சொற்பம். அதை யாராலும் விற்க முடியாது. நாம் பேசுவது பெரும்பாலும், நீதிமன்றம் உரிமைப்பத்திரம் வழங்கிய மாவோரி உரிமைநிலம் என்ற வகையைப் பற்றித்தான். நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் ஹெக்டேர், அதாவது நாட்டின் பரப்பில் சுமார் 5 சதவீதம், இந்த வகையில் அடங்கும்.

அந்த வகை நிலத்தை விற்கவே முடியாது என்பது சரியன்று. அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள முழு நிலத்தையும் விற்க வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கு உரிமையை வைத்திருப்பவர்களின் இசைவு வேண்டும். அது கிடைத்தாலும் வெளியாளிடம் போவதற்கு முன், அந்த நிலத்தோடு வழக்காற்று உறவுள்ள இரத்த உறவினர்கள், சக உரிமையாளர்கள், முன்னாள் உரிமையாளர்களின் வழித்தோன்றல்கள் ஆகியோருக்கு முதலில் வாங்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். இத்தனையும் முறையாக நடந்ததா என்று மாவோரி நில நீதிமன்றம் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் விற்பனை நிற்கும். தனியொருவர் தம் பிரிபடாத பங்கை மட்டும் கைமாற்ற நினைத்தால், அந்த உறவு வட்டத்துக்குள்தான் கைமாற்றலாம்.

குத்தகையின் நிலை வேறு. 52 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நெடுங்குத்தகை என்றால் பாதிப் பங்குக்காரர்களின் இசைவு தேவை. அதற்குக் குறைந்த காலத்துக்கு, தங்கள் அதிகார ஆவணம் தடுக்காத வரையில், அறங்காவலர்களே முடிவெடுக்கலாம். அவர்கள் குத்தகை பற்றி விரிவாகப் பேசியதும் விலை பற்றி வாய் திறக்காததும் இதனால்தான். தேநீரைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலிக்கல் எழுதியது:

சட்டத்தாள் அவர்கள் சொன்னது இன்றைய நிலைமை. அது எதற்கு மருந்தாக வந்தது என்பது தெரியாமல் 'காக்கிறதா, கட்டிப்போடுகிறதா' என்ற கேள்விக்கு விடை காண முடியாது. நான் நில அளவைத் துறையில் இருப்பவன். பழைய வரைபடங்களைப் புரட்டும்போதெல்லாம் இந்த வரலாறு கண்முன் வந்து நிற்கும்.

1840இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைதாங்கி உடன்படிக்கை கையெழுத்தானபோது, மாவோரி மக்கள் விரும்பும்வரை அவர்களுடைய நிலம் அவர்களிடமே இருக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. அப்போது நிலம் ஹாப்பு எனப்படும் குலக்குழுவினுடையது. தனியாள் ஒருவருக்கு அதில் பத்திரம் ஏதும் கிடையாது. அந்த முறையைக் கலைப்பதற்காகவே 1865இல் பூர்வகுடி நில நீதிமன்றம் உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைமை நீதிபதி பிரான்சிஸ் டார்ட் ஃபென்டன். 5,000 ஏக்கருக்குக் குறைந்த நிலத்துண்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் பெயர் எழுதக்கூடாது என்று அச்சட்டம் சொல்லியது. அந்தப் பத்துப் பேர் குலத்தின் சார்பில் நின்றவர்கள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்களே முழு உரிமையாளர்கள் ஆனார்கள். அவர்கள் விற்றால் குலம் முழுவதும் நிலமற்றுப்போகும், கேட்க நாதியில்லை. 1873இல் இதைத் திருத்தி எல்லா உரிமையாளர்களின் பெயரையும் எழுதச் சொன்னார்கள். எழுதிய ஒவ்வொருவரும் தனித்தனியே பங்கை விற்கத்தக்கவர் ஆனதால், வாங்குபவர் ஊர்க்கூட்டத்தை எதிர்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று; கடனில் இருப்பவரை ஒவ்வொருவராகப் பிடித்தால் போதும்.

கடன் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உரிமை கோர வேண்டுமானால் அளவை வரைபடம் வேண்டும், அளவைக் கூலி நிலத்தின் மேலேயே சுமையாக ஏறும். விசாரணை ஊரில் நடக்காது, தொலைவிலுள்ள குடியேறிகளின் நகரத்தில் நடக்கும். வாரக்கணக்கில் அங்கே கூடாரமடித்துக் காத்திருந்து, கடைக்காரரிடம் மாவும் சர்க்கரையும் கடனுக்கு வாங்கிச் சாப்பிட வேண்டும். போகாமல் இருந்தால் வேறொரு குழு வந்து உரிமை கோரிவிடும். வழக்கில் வென்று, நிலத்தை விற்றுக் கடனடைத்துத் திரும்பியவர்கள் பலர். இதற்கு வெளியே, 1863ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் கீழ் நேரடியாகப் பறிமுதல் செய்யப்பட்ட வைகாத்தோ, தாரநாக்கி நிலங்கள் வேறு கணக்கு.

இருபதாம் நூற்றாண்டிலும் இது ஓயவில்லை. 1953ஆம் ஆண்டுச் சட்டம், 25 பவுண்டுக்குக் குறைந்த மதிப்புள்ள பங்குகளைப் பயனற்றவை என்று சொல்லி அரசின் மாவோரி அறங்காவலர் அலுவலகம் கட்டாயமாக எடுத்துக்கொள்ள வழிசெய்தது. 1967ஆம் ஆண்டின் திருத்தம், நான்கு அல்லது அதற்குக் குறைந்த உரிமையாளர்கள் உள்ள மாவோரி நிலத்தை அவர்களைக் கேட்காமலே பொது நிலமாக, அதாவது மாவோரி நிலத்துக்குரிய காப்பு இல்லாத சாதாரணத் தனியார் நிலமாக, மாற்றியது. இதன் பிறகுதான் 1975 செப்டம்பரில் ஃபீனா கூப்பர் அம்மையார் வட முனையிலுள்ள தே ஹாப்புவாவிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றம் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நடைப்பயணத்தைத் தொடங்கினார். இனி ஓர் ஏக்கர்கூடப் போகக்கூடாது என்பதே அந்தப் பயணத்தின் முழக்கம். 1977இலும் 1978இலும் ஆக்லாந்தின் பாஸ்டியன் முனையில் ங்காத்தி ஃபாத்துவா மக்கள் 506 நாள் நிலத்தில் அமர்ந்திருந்து, காவல்துறையால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் விற்பனைக்கு இத்தனை பூட்டுகள் ஏன் என்று கேட்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்தால் போதும்.

தெற்குக்காற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. வேலிக்கல் அவர்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இன்னொரு ஐயம் எழுகிறது. நிலத்தைக் கூறுபோட்ட அதே நீதிமன்றத்தின் வழிவந்ததுதானே இன்றைய மாவோரி நில நீதிமன்றம்? கூறுபோட்டவரிடமே காவலையும் ஒப்படைப்பது எப்படிச் சரியாகும்?

வேலிக்கல் எழுதியது:

அதே நீதிமன்றம்தான். 1947இல் பெயர் மாறியது, 1993இல் கடமை தலைகீழானது. உரிமைப் பதிவேடுகள், குலவரலாற்றுச் சாட்சியங்கள் அடங்கிய பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகள் எல்லாம் அதனிடமே இருக்கின்றன. அதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தால் பல குடும்பங்கள் தங்கள் பங்கை நிரூபிக்கவே முடியாமல் தவித்திருக்கும். ஆனால் தங்கள் கேள்வியின் அடியில் உள்ள பொருள் சரியானது: இன்று மூதாதையர் நிலம் என்று சட்டம் காக்கிற வடிவம், மூதாதையர் வைத்திருந்த வடிவம் அன்று. தனியாள் பெயரில் பிரிபடாத பங்கு, அது பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும் என்பதெல்லாம் அந்தப் பழைய நீதிமன்றம் புகுத்தியவை. நிலத்தைக் காப்பாற்றியாயிற்று, ஆனால் அதைக் கெடுத்த பத்திர வடிவத்தையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

கணக்கன் எழுதியது:

வேலிக்கல் கடைசியாகச் சொன்ன வரியோடுதான் என் போன்றவர்களின் பிழைப்பு ஓடுகிறது. மாவோரி நில அறக்கட்டளைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். விற்பனைத் தடையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் மேசைக்கு வரும் சிக்கல்களில் விற்பனை என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. வருவதெல்லாம் பெயர்ப்பட்டியல் சிக்கல்.

ஒருவரிடம் ஒரு முழுப் பங்கு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஏழு பிள்ளைகள், அந்த ஒவ்வொருவருக்கும் ஆறு, அவர்களுக்கு ஐந்து என்றால், மூன்று தலைமுறையில் அந்தப் பங்கு 210 துண்டாகிவிடும். இந்தப் பதிவேடுகளில் பங்குகளைத் தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்கள் வரை எழுதுகிறோம். குத்தகைப் பணம் வந்து அதைப் பங்கிட்டால், அஞ்சல் தலை விலைக்குக்கூடத் தேறாத தொகை பலருக்கு வரும். இறந்துபோனவர்களின் பெயர்கள் பட்டியலில் அப்படியே நிற்கின்றன. ஏனென்றால் வாரிசுகள் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பெயர் மாற்றும்வரை சட்டப்படி உரிமையாளர் அவர்தான். முகவரி இல்லாதவர்களின் பங்குத்தொகை தனிக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அண்மையில் நாங்கள் அனுப்பிய கடிதம் ஒன்று, பெயருக்கு மேல் 'இவர் எங்கள் கொள்ளுப்பாட்டி' என்று பேனாவில் எழுதப்பட்டுத் திரும்பி வந்தது. கீழே ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதியிருந்தார்கள். அப்படித்தான் ஆஸ்திரேலியாவில் குடியிருக்கும் பதினோரு வாரிசுகள் எங்களுக்குக் கிடைத்தார்கள்.

இதைச் சமாளிக்கச் சட்டம் தரும் வழிகள் உண்டு. பரவலானது அஹு ஃபெனுவா அறக்கட்டளை: முழு நிலத்தையும் அறங்காவலர்கள் பொறுப்பில் வைத்து, எல்லா உரிமையாளர்களின் சார்பிலும் நிர்வகிக்கச் செய்வது. தெற்குக்காற்று சொல்லும் அறக்கட்டளையும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ஒரு குடும்பத்தின் பங்குகளை மேலும் துண்டாகாமல் ஒரு மூதாதையின் பெயரில் கட்டிவைக்கும் ஃபானாவ் அறக்கட்டளை இன்னொன்று. என் கருத்தில் இதுவே மிகவும் பயனுள்ளது, ஏனென்றால் அதற்குப் பிறகு வாரிசுமாற்றம் என்ற வேலையே இல்லை. அறங்காவலர்களை உரிமையாளர்கள் கூட்டத்தில் தேர்ந்தெடுத்தாலும் நியமிப்பது நீதிமன்றம். கடமையில் தவறினால் நீக்குவதும் அதுவே. எந்த அமைப்பும் இல்லாமல் வெறும் பெயர்ப்பட்டியலோடு கிடக்கும் நிலங்களும் கணிசமாக உள்ளன. அங்கே ஒரு வேலியைச் சரிசெய்யக்கூட யார் கையெழுத்திடுவது என்று தெரியாது.

மறுகரை எழுதியது:

நால்வரும் ஒரே பக்கம் நிற்பதால் நான் மறுபக்கம் நிற்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது அநீதி, அதில் ஐயமில்லை. ஆனால் அதற்காக இன்றைய உரிமையாளர் தம் சொத்தை என்ன செய்வது என்று நீதிபதியிடம் கேட்க வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் தம் நிலத்தை அடமானம் வைத்துப் பிள்ளைக்கு வீடு கட்டுகிறார். மாவோரி உரிமையாளருக்கோ கடற்கரையோரம் நிலம் இருக்கிறது, வாடகை வீட்டில் வாழ்கிறார். இதைப் பாதுகாப்பு என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை. 2016இல் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறியிருந்தால், கூட்டத்துக்கு வந்து பங்கெடுக்கும் உரிமையாளர்களே பெரும்பாலான முடிவுகளை எடுத்திருக்கலாம், நீதிமன்றத்தின் கை குறைந்திருக்கும். புதிய அரசாங்கம் வந்து அதைக் கைவிட்டதில் யாருக்கு என்ன நன்மை?

சட்டத்தாள் எழுதியது:

மறுகரை அவர்களின் வாதத்தில் ஒரு பாதியை ஏற்கிறேன். வீட்டுக்கடன் சிக்கல் உண்மையானது. ஆனால் சட்டம் அடமானத்தைத் தடைசெய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவணை தவறினால் வங்கி அந்த நிலத்தை யாரிடம் விற்கும்? உறவு வட்டத்துக்கு முன்னுரிமை தந்த பிறகே விற்க முடியும் என்பதால் வங்கி தயங்குகிறது. இதற்கு மாற்றாகக் காயிங்கா ஃபெனுவா என்ற அரசு ஆதரவுள்ள கடன் திட்டம் வந்தது. அதில் ஈடாக நிற்பது வீடு மட்டும், நிலம் அன்று. அதனால்தான் வீடு தூண்கள்மேல் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பெயர்த்து எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும், லாரி வந்துபோகச் சாலை இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள். பணம் கட்டாவிட்டால் வீடு போகும், மூதாதையர் நிலம் தங்கும். தீர்வு முழுமையானதன்று; ஆனால் நிலத்தைப் பணயம் வைக்காமல் கடன் கொடுக்க வழி தேடியிருக்கிறார்கள்.

2016 மசோதாவைப் பொறுத்தவரை, உரிமையாளர்களுக்கு அதிகாரம் என்ற அதன் நோக்கம் கேட்க இனிமையாகவே இருந்தது. ஆனால் மேலே கணக்கன் எழுதிய பட்டியலை நினைத்துப் பாருங்கள். முகவரியில்லாதவர்களும் இறந்தவர்களும் பாதியாக இருக்கும் நிலத்தில், கூட்டத்துக்கு வந்தவர்கள் முடிவெடுக்கலாம் என்றால், வராதவர்களின் பங்கைச் சிலர் ஆள்வார்கள். பரந்த, விவரமறிந்த ஆதரவைப் பெறாமல் இதைச் சட்டமாக்கினால் உடன்படிக்கையை மீறியதாகும் என்று, அத்தகைய மீறல்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயமே அந்த ஆண்டு எச்சரித்தது. நீதிமன்றத்தை வேண்டாத பாதுகாவலராகப் பார்ப்பதைவிட, வந்திராத உரிமையாளருக்காகப் பேசும் இடமாகப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் நிலைப்பாடு.

மேலும் அந்த மசோதா கைவிடப்பட்ட 2017க்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்பதில்லை. 2021 பிப்ரவரி முதல், தகராறில்லாத எளிய வாரிசு விண்ணப்பங்களை நீதிபதி முன் விசாரணையின்றிப் பதிவாளரே முடிக்கலாம். தத்தாக வளர்ந்த பிள்ளைக்கு, அதாவது ஃபாங்காய் பிள்ளைக்கு, நிலத்தில் உரிமை உண்டா என்பதை அந்தந்தக் குலத்தின் வழக்காறே தீர்மானிக்கும். பூசல்களை மத்தியஸ்தரிடம் கொண்டுபோகலாம். 2021 ஜூலை முதல் முற்றிலும் பயன்படுத்தப்படாத மாவோரி நிலத்துக்கு உள்ளாட்சி வரி இல்லை; வசூலாகாத பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்யவும் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் வந்தது. புதருக்குள் கிடக்கும் நிலத்துக்கு ஆண்டுதோறும் வரிப் பாக்கி ஏறி, யாராவது நிலத்தைச் சீர்படுத்த முன்வந்தால் அந்தப் பாக்கி முழுவதும் அவர் தலையில் விழும் என்ற நிலை இருந்ததை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று.

மறுகரை எழுதியது:

வாரிசுமாற்றமும் வரியும் நல்ல மாற்றங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நிலத்தைத் தக்கவைப்பதில் சட்டம் காட்டும் அக்கறை, பொதுப்பணி என்ற பெயரில் அரசே எடுக்கும்போது எங்கே போகிறது?

வேலிக்கல் எழுதியது:

அது நியாயமான அடி. ராக்லன் ஊரில் இரண்டாம் உலகப்போரின்போது விமானத்தளத்துக்கென்று எடுத்த மாவோரி நிலம், போர் முடிந்தும் திரும்பவில்லை. பின்னாளில் அங்கே கோல்ஃப் மைதானம் வந்தது. மூதாதையரைப் புதைத்த இடமும் அதற்குள் அடக்கம். எவா ரிக்கர்டு அம்மையாரும் அவருடைய மக்களும் 1970களில் போராடிக் கைதாகி, 1980களில்தான் நிலம் மீண்டது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2014இல் காப்பித்தி கடற்கரையில் விரைவுச் சாலைக்காகக் கேட்கப்பட்ட மூதாதையர் நிலத்துண்டு ஒன்றை, அதன் உரிமையாளரான பெயர்பெற்ற மாவோரி எழுத்தாளர் நில நீதிமன்றத்தின் மூலம் மாவோரி ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்கச் செய்து காப்பாற்றினார். மராய் என்ற கூடுமிடம், உருப்பா என்ற இடுகாடு, புனிதத் தலங்கள் ஆகியவற்றை இப்படி ஒதுக்கிவைக்கலாம். இந்தச் சட்டத்தில் உள்ளவற்றில் மிக உறுதியான அரண் அதுவே.

மாவோரி நிலம் என்ற தகுதியை இழந்து சாதாரணத் தனியார் நிலமாகிவிட்ட இடத்தில் இந்த அரண் எதுவும் வேலை செய்யாது. ஆக்லாந்திலுள்ள இஹுமாத்தாவோ 1863இல் பறிமுதலானது. வீட்டுமனைத் திட்டத்துக்கு எதிராகப் பல ஆண்டு ஆக்கிரமிப்புப் போராட்டம் நடந்து, 2020 இறுதியில் அரசு 29.9 மில்லியன் டாலர் கொடுத்து நிலத்தை வாங்கியபோதுதான் சிக்கல் தணிந்தது. நில நீதிமன்றச் சட்டம் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அரசு அறங்காவலராக நின்று கடமை தவறியதற்குத் தெற்குத் தீவின் நெல்சன் பகுதி நில வழக்கே சான்று. 1840களில் 1,51,000 ஏக்கரில் பத்தில் ஒரு பங்கை உரிய மாவோரி மக்களுக்கென ஒதுக்குவதாகச் சொல்லிவிட்டு, ஒதுக்கியது 5,100 ஏக்கர் மட்டுமே. அந்தப் பொறுப்பு சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வாக்காத்தூ வழக்கு எனப்படும் அந்த வழக்கில் சொல்லியது.

தெற்குக்காற்று எழுதியது:

நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. குத்தகையைப் புதுப்பிக்கும் கூட்டத்துக்கு முதலாளி என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். கொடிகளும் பந்தலும் நீர்ப்பாசனக் குழாய்களும் எங்கள் செலவில் போட்டவை. குத்தகை முடிந்தால் அவை யாருக்கு?

கணக்கன் எழுதியது:

பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஒன்றும் எழுதாவிட்டால் நிலத்தோடு ஒட்டியவை நிலத்துக்காரருக்கே. ஆனால் அறங்காவலர்கள் இந்த இடத்தில் மிகவும் விழிப்பாக இருப்பார்கள், அதற்குக் காரணம் உண்டு. பழைய குத்தகைகள் பலவற்றில், குத்தகைதாரர் செய்த மேம்பாடுகளுக்கு உரிமையாளர்கள் இழப்பீடு கொடுத்தால்தான் நிலம் திரும்பும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்தத் தொகையைச் சேர்க்க முடியாமல் தலைமுறை தலைமுறையாகக் குத்தகையை நீட்டித்தவர்கள் உண்டு. தாரநாக்கி போன்ற இடங்களில் 21 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வாடகை திருத்தப்பட்டு, குத்தகைதாரர் விரும்பும்வரை முடிவே இல்லாமல் புதுப்பிக்கத்தக்க குத்தகைகள் சட்டத்தாலேயே திணிக்கப்பட்டிருந்தன. 1997ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகுதான் வாடகை சந்தை நிலவரத்துக்கு நகரத் தொடங்கியது. சொந்த நிலம் கையில் இருந்தும் அதில் கால்வைக்க முடியாத நிலையை விற்பனைத் தடை தடுக்கவில்லை என்பதை அந்தக் குடும்பங்கள் மறக்கவில்லை.

ஆகவே முதலாளியிடம் இரண்டு செய்திகளைச் சொல்லிவையுங்கள். விலைக்கு வாங்கும் பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள். அதைத் திரும்பத் திரும்ப எடுத்தால் புதுப்பித்தலும் கெடும். கொடிகளுக்கு இழப்பீடு கேட்பதற்குப் பதிலாக, அவற்றின் ஆயுளுக்குப் போதுமான காலக் குத்தகையையும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகைத் திருத்தத்தையும், அறக்கட்டளையின் இளைஞர்கள் சிலருக்குத் தோட்டத்தில் பயிற்சியையும் முன்வைக்கலாம். என் கணக்குப் புத்தகங்களில் சண்டையில்லாமல் புதுப்பிக்கப்பட்ட குத்தகைகள் பெரும்பாலும் இந்த மாதிரியானவை. கூட்டம் மராயில் நடந்தால் வரவேற்புச் சடங்கு முடியும்வரை பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம். அறக்கட்டளையின் அதிகார ஆவணத்தின் நகலை நீதிமன்ற அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி, அறங்காவலர்கள் எத்தனை ஆண்டு வரை தாங்களாகவே குத்தகைக்கு விடலாம் என்பதைப் படித்துவிட்டுப் போங்கள்.